மருதாசலம் வீட்டு அட்ஜஸ்ட்மெண்ட்

“ஏனுங்க, உங்க தங்கச்சி பையனைத் தூக்கி என்ற தலை மேல வெச்சுக்கட்டுமா? ஊட்டுல வேற எடம் எங்கீங்க இருக்குது?”

சாரதாமணி போட்ட சத்தம் நெருப்பெரிச்சல் ஊரின் லைன் வீடுகளில் கடைசி வீடு வரை கேட்டது. கேட்காதவர்களுக்கும் கேட்கட்டும் என்று குக்கர் மூடியை ஒரு முறை தரையில் போட்டாள்.

“மெதுவாப் பேசு சாரதா. பையன் தூங்கறான்ல” என்றார் மருதாசலம்.

“நல்லாத் தூங்கட்டுமுங்க. நாயித்துக்கிழமை பல்லடத்துக்காரங்க பொண்ணு பாக்க வாரப்பவும் இதே மாதிரி நட்டநடு ஊட்டுல மல்லாந்து தூங்கட்டும். இது யாருங்கன்னு கேப்பாங்க. பொண்ணுக்கு முறைப்பையனுங்க, பொங்கலுக்கு வந்தவன் இன்னும் போகலீங்கன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க.”

முறைப்பையன் சுரேஷ் புரண்டு படுத்தான். சேவூரிலிருந்து வேலை தேடி வந்தவன். பத்தே நாள் இருந்துகொள்கிறேன் என்றுதான் வந்தான். நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட் கிடைத்தது. பகலெல்லாம் தூக்கம். இருப்பதோ முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. அவன் முன்னறையில் நீட்டிப் படுத்தால் மற்றவர்கள் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிற மகள் சித்ரகலா தலை சீவுவதுகூட வெளிப் படிக்கட்டில்தான். அன்றும் அங்கேதான் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருதாசலம் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷெல்லாம் பனியன் கம்பெனிப் பஞ்சோடு பறந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். அதையும் அவர் சொல்வதில்லை. ஊர்தான் அவரிடம் சொல்லும். பல்லடம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் இடுப்பை நுழைத்துக்கொண்டு ‘அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்றால், நீ பாதி தொங்கு என்று பொருள். மேனேஜர் சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. டீக்கடையில் சொன்னால் பால் தீர்ந்துவிட்டது. சாயம் ஒரு பக்கம் கருத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் வந்த துணியைக் காட்டிச் சொன்னால், வாயை மூடிக்கொண்டு மடித்துப் பெட்டியில் போடு. லைன் வீட்டுக்காரர் நாலு குழாயை ஒன்றாக்கிவிட்டு இதைத்தான் சொன்னார். கல்யாணத் தரகர் சொல்கிறாரென்றால் பையனுக்கு முன்னால் வழுக்கை. அழுத்திச் சொன்னால் பின்னாலும் வழுக்கை. யார் சொன்னாலும், என்ன அர்த்தத்தில் சொன்னாலும், மருதாசலத்தின் தலை மட்டும் ஒரே மாதிரிதான் ஆடும். சரி என்று.

அந்தத் தலையாட்டலில்தான் மகளின் வயது இருபத்தாறு ஆயிற்று. வந்த வரன்கள் எல்லாம் பெண்ணை ஒரு தடவையும் வீட்டை இரண்டு தடவையும் பார்த்தார்கள். “இத்தனை பேரு எங்கீங்க படுப்பீங்க?” என்று ஓர் அம்மாள் கேட்டேவிட்டாள். இந்தப் பல்லடத்து வரனும் கைவிட்டுப் போனால் பிறகு இரண்டாம் தாரம்தான் வரும் என்று தரகர் ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“பையனை அன்னைக்கு ஒரு பகலுக்கு மட்டும் பக்கத்தூட்டுல படுக்க வெச்சுக்கலாம். நான் கேக்கறன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்து வீட்டு மயிலாள் தைத்து வந்த பனியன்களில் பிசிறு வெட்டிக் கொடுப்பவள். வாசல் வரை மூட்டைகள். அவற்றுக்கு நடுவில் அவள் தலை மட்டும் தெரிந்தது.

“அதுக்கென்னுங்க, தம்பி தாராளமாப் படுக்கட்டும். நானென்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?” என்றாள். “ஆனா படுக்க எடம் வேணுமில்லீங்க? அவசர ஆர்டருன்னு காண்ட்ராக்டு எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான். இந்த மூட்டையெல்லாம் உங்கூட்டு முன்ரூமுல வெச்சுட்டா இங்க காலியாயிரும். அங்கயே உக்காந்து வெட்டிக்கறேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

தலை ஆடிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மூட்டைகள் வந்து இறங்கியதும் சாரதாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “ஒரு ஆளை வெளிய தாட்டிப்போட்டு ஒரு லாரி லோடை உள்ள கொண்டாந்துட்டீங்களே! பல்லடத்துக்காரங்களை மூட்டை மேல உக்கார வெச்சுக் காப்பி குடுக்கறதுங்களா?”

“இரு, இரு. எதுத்தாப்புல வீரணன் ஊட்டைக் கேக்கறன்.”

“அந்தப் பசங்க ஊட்டையா? அது ஊடுங்களா? லுங்கிக் கடைங்க!”

சாரதாமணி சொன்னதில் தப்பில்லை. எதிர்வீட்டில் வீரணனும் அவனோடு மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கூட்டாளிகளும் தங்கியிருந்தார்கள். ஆனால் டைல்ஸ் போட்ட தரை. அகலமான முன்னறை. அங்கே மகளை உட்காரவைத்துக் காட்டினால் அதன் லட்சணமே வேறு என்று மருதாசலத்துக்குத் தோன்றியது.

“என்னண்ணே இம்புட்டுத் தயங்கிக் கேக்குறீக? நம்ம தங்கச்சிக்கு நல்லது நடக்கட்டும், எடுத்துக்கங்க” என்றான் வீரணன். உடனே காதைச் சொறிந்தான். “ஞாயித்துக்கெழமை மட்டுந்தேன் நாங்க கறி எடுத்து ஆக்குறது. அதை உங்க அடுப்படியில வச்சுக்கிறோம்ணே. செத்த அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.”

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதாசலத்தின் வீட்டில் மருதாசலத்தைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். முன்னறையில் மயிலாள் மூட்டைகளோடு. அடுப்படியில் வீரணன் கூட்டாளிகள் ஆட்டுக்கறியோடு. பல்லி மாதிரி சுவரோரமாக நழுவி, சொந்த வீட்டிலிருந்து வேட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார் அவர்.

எதிர்வீட்டைச் சாரதாமணி கழுவித் துடைத்தாள். கொடியில் தொங்கியதையெல்லாம் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினாள். சுவரில் மாலை போட்ட ஒரு மீசைக்காரர் போட்டோ இருந்தது. அதில் மட்டும் கை வைக்கவில்லை.

“செத்தவங்களை எறக்கி வெக்கறது ஆகாதுங்க. இருந்துட்டுப் போகட்டும். யாராச்சும் கேட்டா உங்க பெரியப்பன்னு சொல்லீருங்க.”

தரகர் பஸ் ஸ்டாப்பில் நின்று, வருகிறவர்களை நேராக எதிர்வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. பல்லடத்துக்காரர்களோ சொந்த ஆம்னி வேனில் முன்கூட்டியே வந்து, டீக்கடையில் “மருதாசலம் ஊடு எதுங்க?” என்று கேட்டார்கள். டீக்கடைக்காரருக்கு ஏற்பாடு தெரியாது. உண்மையைச் சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து மருதாசலம் பார்த்தபோது ஆம்னி நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் ஏற்கெனவே அவருடைய வீட்டுக்குள் போயிருந்தார்கள். செருப்புகள் மட்டும் வெளியே வரிசையாகக் கிடந்தன. அவர் ஓடினார்.

உள்ளே அவர் கண்டது இது: மாப்பிள்ளைக்கு அப்பா கிட்டுசாமி ஒரு மூட்டையின் மேல் சம்மணமிட்டிருந்தார். அவர் கையில் சின்னக் கட்டர். அவர் சம்சாரம் மடி நிறையப் பனியன்களை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தரணீதரன் ஒரு பனியனை வெளிச்சத்தில் பிடித்து, “இந்தக் கழுத்துல இன்னும் ரெண்டு பிசிறு இருக்குதுங்களே!” என்று கத்தினான். கோபமெல்லாம் இல்லை. பிறந்தது முதல் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவன். அவன் ரகசியம் சொன்னாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

“வெரசா வெட்டுங்க சாமி” என்று மயிலாள் அவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். மருதாசலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “பாத்தீங்களா, ஒத்தாசைக்கு வேன்ல ஆளுகளை அனுப்பறன்னு காண்ட்ராக்டு சொன்னான், அனுப்பிப்போட்டான். நல்ல சனம். வந்ததும் கட்டரைக் கையில குடுத்தேன், ஒரு வார்த்தை கேக்கலை, உக்காந்துட்டாங்க.”

“வேலை நடக்கற எடத்துல கையைக் கட்டீட்டு உக்கார முடியுங்களா?” என்றார் கிட்டுசாமி பெருந்தன்மையாக. “மருதாசலம் ஊடு இதுதானுங்களே?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அடுப்படியிலிருந்து வீரணனின் கூட்டாளி ஒருவன் வெற்றுடம்போடு கரண்டியை நீட்டி, “அம்மா, உப்புப் பாருங்க” என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்த நேரம் அது. அந்தம்மாளும் ருசி பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு கல்லுப் போடு கண்ணு” என்றாள். மருதாசலம் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

“இல்லீங்க, இல்லீங்க! இது சும்மா வேலை செய்யற எடமுங்க. ஊடு எதுத்தாப்புலீங்க. எந்திரிச்சு வாங்க.”

நூல் பிசிறுகள் ஒட்டிய பட்டுப்புடவையோடும் வெள்ளை வேட்டிகளோடும் எல்லாரும் தெருவைக் கடந்தார்கள். தெருவுக்கு அன்று டீவி தேவைப்படவில்லை. எல்லா வாசலிலும் ஆள்.

எதிர்வீட்டில் உட்கார்ந்ததும் கிட்டுசாமி தலையை உயர்த்தினார். “போட்டோல இருக்கறது யாருங்க?”

“எங்க பெரியப்பனுங்க.”

“ஜாடையே இல்லீங்களே.”

“சின்ன வயசுல இருந்துதுங்க.”

அந்தச் சமயத்தில் வீரணன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். கையில் இலை. இலையில் சோறும் ஆவி பறக்கும் கறிக்குழம்பும். யாரையும் பார்க்காமல் நேராகப் போட்டோவுக்குக் கீழே வைத்தான். கண்ணை மூடிக் கும்பிட்டான்.

“மன்னிச்சுக்கங்கண்ணே. எங்கப்பாவுக்குப் படைச்சுட்டுத்தேன் ஞாயித்துக்கெழமை நாங்க வாயில வைக்கிறது. நீங்க பேசுங்க.”

கிட்டுசாமி போட்டோவைப் பார்த்தார், வீரணனைப் பார்த்தார், கடைசியாக மருதாசலத்தைப் பார்த்தார்.

“அப்ப இவரு உங்க பெரியப்பன் மகனுங்களா?”

“ஆமாங்க… அப்படி இல்லீங்க… ஒரு வகையில…”

“மதுரைப் பேச்சா இருக்குதுங்களே!” என்று தரணீதரன் கத்தினான்.

சாரதாமணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அடி முடிவதற்குள் வாசலில் சுரேஷ். கண்கள் பாதி மூடியிருந்தன. கக்கத்தில் தலையணை.

“மாமா, மயிலக்கா பேரனுங்க டீவி போட்டுக் கொல்றானுங்க. நம்ம ஊட்டுக்குப் போனா மூட்டைக்கு நடுவுல கறிச்சட்டி. நான் இங்க ஓரமா படுத்துக்கட்டுங்களா?”

“இது யாருங்க?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

சுரேஷே சொன்னான். “நான் இவுங்க தங்கச்சி பையனுங்க. இவுங்க ஊட்டுலதான் இருக்கறேன்.” சொல்லிவிட்டு மூலையில் படுத்தும் விட்டான்.

சித்ரகலா காப்பி கொண்டுவந்தது அப்போதுதான். வீரணன் வீட்டில் ஒன்றுபோல இரண்டு டம்ளர் கிடையாது. ஒன்று எவர்சில்வர், ஒன்று கைப்பிடி போன பீங்கான், ஒன்று ஏதோ கடையில் இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக். கறி வாசனையையும், படைத்த இலையையும், குறட்டையையும் தாண்டி அவள் நிதானமாக எல்லாருக்கும் கொடுத்தாள். பிளாஸ்டிக் டம்ளர் மாப்பிள்ளைக்கு வந்தது. அவன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “நல்லாருக்குதுங்க!” என்றான். சுரேஷ் ஒரு நிமிஷம் குறட்டையை நிறுத்தினான்.

பிறகு கிட்டுசாமி எழுந்தார். “சொல்லி அனுப்பறமுங்க” என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் யாரும் இதுவரை சொல்லி அனுப்பியதில்லை.

சாயங்காலம் மருதாசலம் சொந்த வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மயிலாளின் வேலை இன்னும் முடியவில்லை. சாரதாமணி சண்டைகூடப் போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பஸ்ஸில் நகர்ந்து கொடுத்ததும், குழாயடியில் கடைசியாக நின்றதும், லீவை விட்டுக்கொடுத்ததும் தன்னுடைய பங்கு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அவ்வளவும் மகளின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. படிக்கட்டில் ஒரு சீப்பு கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று பார்த்தார். வைக்க இடமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் தரகர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுங்க மருதாசலம்!”

“எதுங்க?”

“எல்லாமுமேங்க! அவங்க மூத்த மருமக வந்த வேகத்துல தனிக்குடித்தனம் போயிட்டா. எந்நேரமும் தறிச்சத்தம், மாமியா பேச்சு, மாமன் அதிகாரம், எவ தாங்குவா? இத்தனை பேருக்கு நடுவுல பொறந்து வளந்த பொண்ணு எதுக்கும் மூஞ்சியச் சுளிக்காது, இதுதான் வேணும்னு கிட்டுசாமி ஒத்தக் கால்ல நிக்கறாரு.”

சாரதாமணி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். தரகர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் அந்த வார்த்தை வரப்போகிறது என்று மருதாசலத்துக்குத் தெரியும்.

“தறி ரூமுக்கு ஒட்டுன மாதிரிதான் பொண்ணு படுக்கோணும். பெரியவங்க ரெண்டு பேரும் முன்னால பெரிய ரூமுல இருக்கறாங்க, பாருங்க. செக்கிங் வேலையை நிறுத்தீரோணும். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சாகோணும். அப்பறம் ஆடிக்குப் பொண்ணை இங்க அனுப்ப மாட்டாங்களாமா. ஊட்டு வேலைக்கு ஆளில்லைங்கறாங்க. அதைய மட்டும் நீங்க கொஞ்சம்…”

முடிக்கக்கூட இல்லை. மருதாசலத்தின் தொண்டைக்குள் ஒரு வார்த்தை புறப்பட்டது. ‘முடியாது’ என்பதுதான் அது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைக் கடந்து, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது. தலை ஆடிவிடக் கூடாதே என்று கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, படிக்கட்டில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். நீயாவது சொல்லிவிடு கண்ணு என்று கெஞ்சுகிற பார்வை அது.

சித்ரகலா பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள்.

“சரிங்கப்பா. வரச் சொல்லுங்க” என்றாள்.

சாரதாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், அப்பனை உரித்து வைத்த மாதிரிப் பொறந்துட்டா என்று தெரு பேசிக்கொண்டது. கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொள்ளத்தான் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும் என்றும் பேசிக்கொண்டது. கல்யாணம் வைகாசியில், ஒரு புதன்கிழமை. ஷிப்டை விட்டுவிட்டுப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆம்னியில் ஏறும்போது பெண் அழவில்லை. அப்பாதான் ஆம்னி திரும்பிய முக்கிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு லைன் வீடுகளில் ஆள் மாற ஆரம்பித்தது. சுரேஷுக்குச் சேவூரிலேயே பெண் கிடைத்தது. மாமனார் வீட்டோடு போய்விட்டான், அங்கே பகலில் தூங்கவிடுகிறார்களாம். வீரணன் ஊருக்குப் போய் அத்தை மகளைக் கட்டிக்கொண்டு, அப்பா போட்டோவோடு மதுரைப் பக்கமே ஒதுங்கிவிட்டான். மயிலாளை மகள் வந்து அவிநாசிக்குக் கூட்டிப் போனாள். மருதாசலம் வீட்டு முன்னறை முதல் தடவையாகக் காலியாக இருந்தது. அவர் அதில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை. மகள் அங்கே எந்த மூலையில் சுருண்டு கிடக்கிறாளோ என்றே ஓடியது. ஆடிக்கு வரவில்லை. தீபாவளிக்கு மாப்பிள்ளை மட்டும் வந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி நலம் சொல்லிவிட்டுப் போனான்.

மாசியில் ஒரு மத்தியானம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கிட்டுசாமியும் அவர் சம்சாரமும் இறங்கினார்கள். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மெத்தைச் சுருள், ஒரு டேபிள் பேன். மருதாசலம் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை.

“சித்ரா வரலீங்களா? அதுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?”

“அதுக்கென்னுங்க, ரொம்ப நல்லா இருக்குது” என்றார் கிட்டுசாமி. ஆள் பாதியாக இளைத்திருந்தார். “முன்னால பெரிய ரூமுல மிசினுங்களைப் போட்டு, ஆளுகளை வெச்சுப் பனியன் தெக்குதுங்க.”

“அது நீங்க படுக்கற ரூமுங்களே?”

“படுத்துட்டிருந்த ரூமுங்க.”

சாரதாமணி வாசலுக்கு வந்து மெத்தைச் சுருளையும் பேனையும் மாறி மாறிப் பார்த்தாள். “எத்தனை நாளைக்குங்க தங்கற மாதிரி வந்திருக்கறீங்க?”

கிட்டுசாமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்:

“‘எங்கப்பனுக்கு யாருகிட்டயும் முடியாதுன்னு சொல்ல வராது, இனிமே அங்கயே இருந்துக்குங்க’ன்னு உங்க மகதானுங்க எங்களைப் பஸ் ஏத்தி உட்டுச்சு.”